கேசரி யாருக்கு?

திருவொற்றியூர்ப் பக்கம் பெண் பார்க்கும் படலத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை பி.இ. என்றால் காபியோடு கேசரி, ஐ.டி.ஐ. என்றால் வெறும் காபி. சம்பளத்தைப் பற்றிய கேள்வி அப்புறம்தான்.

எண்ணூரில் லேலண்டும், 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வேரூன்றிய காலத்தில் ஃபிட்டருக்கும் டர்னருக்கும் கேசரி கிடைத்திருக்கும். அந்த ஃபிட்டர்களே பி.எஃப்.பில் லோன் போட்டு மகனை இன்ஜினீயரிங் சேர்த்தார்கள். "என் கஷ்டம் அவனுக்கு வேணாம்பா."

பையன் படித்தான். துறைமுகத்தை ஒட்டிய கோட்டையில் சட்டப்பேரவைச் செயலகம் 2018இல் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் கேட்டது. உடம்பு நன்றாக இருந்தால் போதும் என்றார்கள். குவிந்த விண்ணப்பங்கள் 4,600க்கு மேல். பி.டெக்., எம்.டெக்., எம்.பி.ஏ. என்று பட்டமளிப்பு விழாவே நடத்தியிருக்கலாம்.

இதைப் பார்த்து ஐ.டி.ஐ. பையன் சிரித்துவிட முடியாது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் அவனுக்கு உதவித்தொகையோடு தொழில் கற்றுக்கொடுக்கும். முடித்தவனுக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று முதலாளியைத் தொந்தரவு செய்யாது.

ஆகவே கான்ட்ராக்டர் வேனிலிருந்து இருவரும் சேர்ந்தேதான் இறங்குகிறார்கள். கழுத்து அட்டையில் ஒருவர் 'டிரெய்னி', இன்னொருவர் 'ஹெல்பர்'. வெல்டிங் தெரிந்த ஹெல்பருக்கு ஓ.டி. உண்டு. அந்த ஓ.டி. கணக்கை எக்செல்லில் ஏற்றுவது டிரெய்னியின் வேலை.