துப்பாக்கிக்கு ஒரு சீர்வரிசை

வா ராசா, பையைத் திண்ணையில எறக்கு. அடேயப்பா! உன்ற அம்மாளைக் கட்டிக் குடுத்தப்பக்கூட நான் இத்தன சீர் எறக்கலயே கண்ணு. ரெட்டைக்கால் தாங்கி, டெலஸ்கோப்பு, குழல் வாயில மாட்டற பிரேக்கு, கன்னத்துக்கு ஒரு தோல் மெத்தை. மாவ்லங்கர் துப்பாக்கி சுடற போட்டிக்குப் போறியா, இல்ல துப்பாக்கிக்குக் கண்ணாலம் பண்ணி வெக்கறியா? அதுவும் துப்பாக்கி கிளப்புக்காரங்களுது. உன்ற கைக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

போகட்டும். பட்டாளத்துல துப்பாக்கி பழுது பாக்கற ஆர்மரரா இருந்த கெழவன்கிட்ட ஒருக்காக் காட்டிப்போட்டுப் போலாம்னு தோணுச்சே, அதுக்காவது சந்தோசம். வாங்கறதுக்கு முன்னால தோணியிருந்தா உன்ற அப்பனும் சந்தோசப்பட்டிருப்பான்.

நீ சுடப்போறது 50 மீட்டர் ரைஃபிள், மூணு நிலை. மண்டி போட்டு, படுத்து, நின்னு. அதுக்கு உலகச் சுடும் சங்கம் ஐஎஸ்எஸ்எஃப் ஒரு விதிப் புஸ்தகம் போட்டிருக்குதே, தொறந்து பாத்தியா? பாத்திருக்க மாட்டே. சும்மா கெடைக்குதில்ல, அதனால உனக்கு மதிப்பில்ல. டெலஸ்கோப்பு ஆகாது. தாங்கி ஆகாது. பிரேக்கு ஆகவே ஆகாது. அந்தப் பிரேக்கு எதுக்குன்னு கடைக்காரனைக் கேட்டியா? பெரிய தோட்டா பின்னால ஒதைக்கிறதைக் கொறைக்கறதுக்கு. உன்ற .22 தோட்டா ஒதைச்சு எவனாச்சும் தோளைப் புடிச்சுட்டு உக்காந்ததை நீ பாத்திருக்கியா?

2024ல பாரிசு ஒலிம்பிக்குல, கோல்காப்பூர்ப் பக்கத்துப் பையன் ஸ்வப்னில் குசாலே, அப்ப ரயில்வேல டிக்கெட் பாத்துட்டிருந்தவன், இதே மூணு நிலையில 451.4 எடுத்து வெண்கலம் வாங்கிப்போட்டு வந்தான். அவன் துப்பாக்கி மேல டெலஸ்கோப்பு கெடையாது. பின்னால ஒரு ஓட்டை, முன்னால ஒரு வளையம். அது வழியா 50 மீட்டர்ல 10.4 மில்லிமீட்டர் அகலத்துப் பத்தாம் வட்டத்தைப் பாத்து அடிச்சான். உனக்கு மட்டும் டெலஸ்கோப்பு வேணுமாக்கும்.

எல்லாத்தையும் மாட்டிப்போட்டு எடை பாத்தியா? மொத்தமும் 8 கிலோவைத் தாண்டப்படாது. கைதாங்கி, வெயிட்டு எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளதான். தாண்டலயே, இன்னொரு வெயிட்டு ஏத்தலாமேன்னு யோசிக்காதே. நின்னு சுடறப்போ கடைசி பத்துல அது உன்ற முதுகெலும்புகிட்டத்தான் பேசும்.

அப்ப எதுவுமே வாங்கப்படாதான்னு மூஞ்சியைத் தூக்காதே. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, அது ரெண்டையும் மொதல்ல வாங்கு. அப்பறம் ஜாக்கெட்டு. துணி கனம் 2.5 மில்லிமீட்டருக்கு மேல போகப்படாது, அளந்து பாப்பாங்க. உன்ற ஒடம்புக்கு அளவெடுத்துத் தைச்சதா இருக்கோணும். சித்தப்பன் மவனுது சும்மா கெடக்குதுன்னு மாட்டிட்டுப் போகாதே. வார்ப்பட்டை நல்லதா ஒண்ணு. படுக்கறதுக்கும் மண்டி போடறதுக்கும் மட்டும், நிக்கறப்போ கழட்டிரோணும். மண்டி போடறப்போ கணுக்காலுக்கடியில வெக்கற உருளை இருக்குதே, அதுக்கு எதுக்கு வெளிநாட்டுச் சாமான்? நீளம் 25 சென்டிமீட்டர், விட்டம் 18, அதைத் தாண்டப்படாது. மெத்துனு இருந்தாப் போதும்னுதான் விதி. நம்ம டெய்லர் அரை நாள்ல தைச்சுக் குடுப்பான். உள்ள நெல்லு மட்டும் போட்டுறாதே, கிளப்புல எலி உன்னைத்தான் மொதல்ல தேடி வரும்.

காசு போடறதுன்னா பீப் சைட்டுல போடு. பின்னால ஓட்டையைப் பெருசு சிறுசு பண்ற ஐரிஸ் ஒண்ணு, முன்னால மாத்திக்கற வளையம் ஒண்ணு. பொடி வளையம் மாட்டுனாத்தான் கெட்டிக்காரன்னு உனக்கு எவனோ சொல்லியிருக்கான். கருப்பு வட்டத்தைச் சுத்தி வெள்ளை தாராளமாத் தெரியோணும் கண்ணு. வெள்ளை இல்லாமக் கருப்பும் வளையமும் ஒட்டிக் கெடந்தா, கண்ணு நடுவைத் தேடித் தேடியே சலிச்சுப்போகும். இன்னொண்ணு, சைட்டுல இடதுக்கு நாலு கிளிக்கு திருப்பிட்டு, அதிகமாப் போச்சுன்னு வலதுக்கு ஒண்ணு திருப்புவே. திசை மாறுற அந்த மொத கிளிக்கை மரையில இருக்கற தொளதொளப்பே முழுங்கிக்கும். ரெண்டு தாண்டிப் போய் ஒண்ணு திரும்பி வா.

சரி, அந்த டார்கெட்டுக் காகிதத்தை எடு. கட்டில் மேல பரத்து, வரிசையா. இத பாத்தா, பையில இருக்கறதுக்கும் உன்ற சீக்குக்கும் சம்பந்தமே இல்ல.

இதுல மொத நாலு ஓட்டை ஊரைச் சுத்திட்டு, அப்பறம் ஒரே எடத்துல குவியுது. முந்தின நாள் பொழுதோட குழலைத் தொடச்சியா? ஆமான்னு தலையாட்டறே பாரு. .22 குண்டு மேல மெழுகு பூசியிருக்கும். அது குழலுக்குள்ள ஒரு பூச்சாட்டம் படிஞ்ச பொறவுதான் அடுத்த குண்டெல்லாம் ஒரே வழியில போகும். தொடச்சுப்போட்டு நேரா போட்டிக்கு வந்து நிக்கறது புத்திசாலித்தனமா? கணக்குல சேராத சைட்டிங் ஷாட்டு எதுக்குக் குடுக்கறாங்க, அதுல பூசிக்கோ. வேற கம்பெனித் தோட்டாவுக்கு மாறுனாலும் இதே கதைதான்.

தொடைக்கறதுலயும் உனக்கு என்ற பேரைச் சொல்லிக்கற பழக்கம் இருக்குதாமே. அப்பிச்சி .303 குழல்ல கொதிக்கற தண்ணி ஊத்துவார்னு கிளப்புல சொன்னியாம். ஊத்துனோம். அந்தக் காலத்துத் தோட்டாப் பொட்டுல உப்பு இருக்கும், குழலைத் துருப் புடிக்க வெச்சுரும். தண்ணி விட்டு உப்பைக் கரைச்சு, புல்த்ரூக் கயித்துல கந்தல் துணி மாட்டி இழுத்து, எண்ணெய் போட்டு வெப்போம். உன்ற தோட்டாவுல அந்த உப்பு இல்ல. தண்ணி வேண்டாம், சாமி. போல்ட்டைக் கழட்டி, பின்பக்கமா வழிகாட்டி சொருகி, கம்பியை மெதுவா விடு. வாய்ப்பக்கமா நொழைச்சு அந்த விளிம்பைக் கீறிப்போட்டா, குண்டு வெளிய போற நொடியில கோணிக்கும். அதுக்கு மருந்து எந்தக் கடையிலயும் இல்ல.

அடுத்தது பாரு, மேலயும் கீழயும் நிமிந்து நிக்குது. ஒண்ணு உன்ற மூச்சு, இல்ல முழங்கை வழுக்குது, இல்ல வார்ப்பட்டை சுடச்சுடத் தளருது. இது மூணும் இல்லைன்னா தோட்டா. ஒவ்வொண்ணும் ஒரு வேகத்துல போனா இப்படித்தான் நிமிரும். வேற லாட்டு வாங்கி அதே படுக்கையில படுத்துச் சுட்டுப் பாத்தாத் தெரிஞ்சுபோகும். ஆனா ஒட்டுக்கா எல்லாத்தையும் மாத்துவே நீ, வார்ப்பட்டை, தோட்டா, ஜாக்கெட்டு பொத்தான் வரைக்கும். அப்பறம் எது சரியாக்குச்சுன்னு ஜோசியரைத்தான் கேக்கோணும்.

பக்கவாட்டுல ஓடறது காத்து. 10 மீட்டர்லயும் 30 மீட்டர்லயும் கொடி கட்டி வெச்சிருக்கறது நோம்பிக்கு இல்ல ராசா. கொடி ஒருக்கா எப்படி நின்னுச்சோ அதே மாதிரி நிக்கற வரைக்கும் காத்திரு. உனக்குத்தான் பஸ்ஸு போயிருமே.

வேகத் தோட்டா வேணும்னு கிளப்புல எழுதிக் குடுத்தியாமே? அதை வாங்கிக் கிழிச்சுப்போடு. 20 டிகிரி வெப்பத்துல சத்தம் நொடிக்கு 343 மீட்டர் ஓடும். போட்டித் தோட்டாவை அதுக்குக் கொஞ்சம் கீழ ஓடறாப்புலதான் வேணும்னே பண்றாங்க. வேகத் தோட்டா சத்தத்தை முந்தும். போற வழியில சளைச்சுத் திரும்ப அதுக்குக் கீழ எறங்கறப்போ ஆட்டம் காணும். எறங்கறதே வேண்டாம்னா ஏறாமயே போயிரோணும். நல்ல தோட்டாவுலயும் ஒரே பேரு, ஒரே வெலை, ஆனா ஒரு லாட்டு உன்ற குழலுக்குப் புடிக்கும், அடுத்தது புடிக்காது. பொட்டி மேல லாட்டு நம்பர் போட்டிருக்கும். நாலஞ்சு லாட்டுல கொஞ்சம் கொஞ்சமா வாங்கிச் சுட்டுப் பாத்து, குவியற லாட்டுல சீசனுக்கே சேத்து எடுத்துரு. இந்தப் பையில இருக்கற காசுக்கு எத்தன பொட்டி வந்திருக்கும்னு நான் கணக்குப் போடல. உன்ற அப்பன் போடுவான்.

வெடிக்காம ‘டிக்’குனு மட்டும் சத்தம் வந்தா வெடுக்குனு போல்ட்டைத் தொறக்காதே. குழல் டார்கெட்டுப் பக்கமே இருக்கட்டும், சித்த நேரம் பொறு, ரேஞ்சு ஆபீசரைக் கூப்புடு. வெளிய எடுத்த பொறவு தோட்டா விளிம்பைப் பாரு. பள்ளம் ஆழமா இருந்தாத் தோட்டா மேல தப்பு. மருந்து விளிம்பு சுத்தியும் சரியாப் பரவாம விட்டிருக்கும். மேலோட்டமாத் தடவுன மாதிரி இருந்தா ஃபயரிங் பின்னு. அதுல எண்ணெயைக் குடம் குடமா ஊத்தியிருப்பே, அழுக்கோட சேந்து கெட்டியாப் போயிருக்கும்.

இந்தக் கடைசிக் காகிதம்தான் எனக்குப் புடிச்சது. அஞ்சு ஓட்டை இங்க, அஞ்சு அங்க, நடுவுல ஒண்ணுகூட இல்ல. ரெண்டு குவியலும் நல்லாத்தான் இருக்குது, அப்ப உன்ற கை மேல தப்பில்ல. சைட்டு புடிமானம் தளர்ந்திருக்கோணும், இல்லைன்னா ஆக்‌ஷனைக் கட்டையோட சேத்துப் புடிக்கற திருகு. அதைக் கையால முறுக்கி ‘போதும்’னு விடறது இல்ல, டார்க் ரென்ச்சு வெச்சு, புஸ்தகத்துல சொன்ன அளவுக்குத்தான் முறுக்கோணும். அதிகமாப் போனாலும் கட்டை நசுங்கி வேற சீக்கு வரும்.

ரென்ச்சு கிளப்புல கோச்சு பொட்டியிலதான் இருக்கும். நேராப் போய், ‘திருகு லூசு, எங்க அப்பிச்சி சொன்னாரு’ன்னு மட்டும் நிக்காதே. அவரும் சர்வீசுக்காரர், அந்த மாசம் பூராவும் பொட்டி தொறக்காது. ‘சார், என்ற கை சரியில்லையாட்ட இருக்குது, நீங்க ஒரு பத்து சுட்டுக் காட்டுங்க’ன்னு தாழ்மையாக் கேளு. சந்தோசமாப் படுத்துச் சுடுவாரு. அவருக்கும் அஞ்சு இங்க, அஞ்சு அங்க விழும். நீ ஒண்ணும் பேசாதே. காகிதத்தை எடுத்து அவர் கையில குடுத்துப்போட்டு, கொடியைப் பாத்துட்டு நில்லு; பொட்டியை அவரே தொறப்பாரு.