மூச்சு சார்

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலைக்குக் கிழக்கே திரும்பினாலும் மேற்கே திரும்பினாலும் அடுக்ககம்தான். எந்த அடுக்ககத்துக்குள் நுழைந்தாலும் அங்கே ஒரு மூச்சு சார் இருப்பார். வாட்ச்மேனிடம் கேட்டால் போதும். "மொட்டை மாடில தஸ்ஸு புஸ்ஸுன்னு பண்ணுவாரே, அவர்தானே?" என்று லிஃப்ட் வரை கூடவே வந்து காட்டுவார்.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சிறுசேரியில் மேனேஜர். தலைக்கு மேலே அமெரிக்காவில் ஒரு கிளையன்ட், கீழே ஒரு டீம், தோளில் வீட்டுக் கடன். அமெரிக்காக்காரனுக்கு விடிகிற நேரம் இவருக்கு ராத்திரி. அதனால் இவருக்கு எப்போது விடியும் என்று ஜோசியக்காரராலும் சொல்ல முடியவில்லை. மாஸ்டர் செக்கப்பில் ரத்த அழுத்தம் 150-க்கு 96 என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "கொஞ்சம் யோகா, மூச்சுப் பயிற்சின்னு பண்ணிப் பாருங்க, டென்ஷன் குறையும்" என்றார். டாக்டர் சொன்னது அவ்வளவுதான். அதை ஒரு புராஜெக்டாக எடுத்துக்கொண்டது மூச்சு சார்.

முதலில் கொள்முதல். வீட்டில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாய் யோகாவுக்குத் தகுதியற்றது என்று நிராகரிக்கப்பட்டு, ஆறு மில்லிமீட்டர் மேட் ஒன்று வந்து இறங்கியது. பின்னாலேயே செம்பு பாட்டில், ஊதுபத்தி ஸ்டாண்ட், மூச்சை எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரம். பிறகு லேப்டாப்பில் எக்செல் ஷீட் திறந்தார். மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு ஒரு கட்டம், அடக்கும் கும்பகத்துக்கு ஒரு கட்டம், விடும் ரேசகத்துக்கு ஒரு கட்டம். இலக்கை எட்டினால் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. ரேசகம் சிவப்பாக இருந்த அன்றைக்கு அவர் மனைவி பொரியல் சரியாக வேகவில்லை என்ற பேச்சையும் கேட்க வேண்டியிருந்தது.

திருமூலர் பதினாறு மாத்திரை நேரம் இழுக்கவும், அறுபத்து நான்கு மாத்திரை அடக்கவும், முப்பத்திரண்டு மாத்திரை விடவும் கணக்குச் சொல்லியிருக்கிறார் என்று யாரோ வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள். மூச்சு சார் எதையும் படிப்படியாகச் செய்து பழகியவர் இல்லை. முதல் நாளே அறுபத்து நான்குக்குப் போனார். முப்பதைத் தாண்டும்போது முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி, "என்னங்க, கண்ணு வெளிய வருது, விட்டுடுங்க!" என்று அலற, அவர் விட்டார். விட்டதும் முதலில் வந்தது மூச்சில்லை, திட்டு. "நடுவுல பேசாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? எண்ணிக்கை போச்சு!"

மூச்சுப் பயிற்சி விஷயம் பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை மூச்சு விடுகிறார். அதை ஆறு அளவுக்கு நிதானமாக்கி, இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு மெல்ல இறங்கும். மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகிற வேகஸ் என்ற நரம்பு செய்கிற உபகாரம் அது. காசு கேட்காத உபகாரம். ஆனால் ரத்த அழுத்தக்காரர்கள் மூச்சை நெடுநேரம் அடக்குவதும், பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் கபாலபாதி பண்ணுவதும் கூடாது என்று எல்லா வகுப்பிலும் முதல் நாளே சொல்கிறார்கள். மூச்சு சார் வகுப்புக்குப் போனால்தானே! அவர் யூடியூபில் ஒன்றரை மடங்கு வேகத்தில் கற்றுக்கொண்டவர். நிதானமாக மூச்சு விடச் சொல்லும் வீடியோவையே ஓட்டிவிட்டுப் பார்த்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருடைய நிஜமான யோகசாலை வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை. சிக்னல் விழுந்தால் நாடிசுத்தி. ஸ்டீயரிங்கில் இடது கை, மூக்கில் வலது கை. ஒருநாள் பக்கத்தில் மீன் கூடைகளோடு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. கண்ணை மூடி மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த இவரைக் கூடைக்காரம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சாரு, காலைல கோவளத்துல எறங்குன மீனு. அதுக்குப் போயி இப்படி மூக்கைப் புடிக்கிறியே, நாயமா?"

"அம்மா, இது பிராணாயாமம்."

"எந்த யாமமா இருந்தா இன்னா? மீனு நாறலே!"

அதற்குள் பச்சை விழுந்து பின்னால் நின்ற பைக்குக்காரர் ஹாரனை அழுத்த, மூச்சு சார் கண்ணாடியை இறக்கி, அச்சில் ஏற்ற முடியாத நாலு வார்த்தைகளை ஒரே ரேசகத்தில் விட்டார். கண்ணாடி ஏறியதும் கைக்கடிகாரம் மெல்ல அதிர்ந்து, இன்றைய பயிற்சி முடிந்தது, வாழ்த்துகள் என்றது.

ஆபீஸில் காலைக் கூட்டம் மூன்று ஆழ்ந்த மூச்சுகளோடுதான் தொடங்கும். "இழுங்க... எல்லாரும் ரிலாக்ஸ்... தோளைத் தளர்த்துங்க... நேத்து ராத்திரி அந்த பில்டை உடைச்சது யாரு?" இழுத்ததை எப்போது விடலாம் என்று தெரியாமல் ஒரு புதுப் பையன் கூட்டம் முடிகிறவரை கும்பகத்திலேயே இருந்துவிட்டதாகக் கேள்வி. ஐ.நா. சபை 2014-இல் அறிவித்து, 2015-லிருந்து ஜூன் 21 யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறதே, அன்றைக்கு மூச்சு சாரைப் பிடிக்க முடியாது. கேன்டீன் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, எல்லாருக்கும் டீ-ஷர்ட் கொடுத்து, விருட்சாசனத்தில் அவர் நிற்கிற போட்டோ எடுத்துப் போடுவார்கள். போட்டோவில் பார்க்க முடியாதது, அவருடைய ஒரு கை பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பது.

மாமல்லபுரம் பக்கம் கடலோர ரிசார்ட் ஒன்றில் இரண்டு நாள் ‘மன அமைதி முகாமு’க்குப் போனார். முருங்கைக்கீரை சூப்பும் கடற்காற்றும் கட்டணத்தில் அடக்கம். போனை வாங்கி டப்பாவில் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலைத் தியானத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, இவர் டப்பாவைக் காதருகே வைத்து, அது அதிர்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

இத்தனையையும் செய்துகொண்டு அவர் குடியிருப்பது எந்த ஊரில் என்பதுதான் வேடிக்கை. மனவளக்கலை என்கிற யோக முறையைத் தந்த வேதாத்திரி மகரிஷி 1911 ஆகஸ்ட் 14 அன்று பிறந்தது இதே கூடுவாஞ்சேரியில், நெசவுக் குடும்பத்தில். தறிக்குழியில் கால் வைத்தவர், துணி வியாபாரம் செய்தவர், சம்பாதித்தவர், இழந்தவர், குடும்பஸ்தர். வேலை, கடன், நஷ்டம் எல்லாவற்றையும் அனுபவித்துப் பார்த்தவர் 1958-இல் உலக சமுதாய சேவா சங்கம் தொடங்கினார். 1980-களில் பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. 2006-இல் மறைந்தார். அவர் கொடுத்த எளியமுறை உடற்பயிற்சியில் கைப்பயிற்சி, கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, மகராசனம் எல்லாம் உண்டு. தலைகீழாக நிற்கிற வேலை கிடையாது. காலையில் ஏழு மணி லோக்கலைப் பிடிக்கிறவர்களும் செய்துவிட்டுக் கிளம்பலாம்.

கீழ்வீட்டு ரிட்டயர்டு தாத்தா ஒருநாள் மூச்சு சாரைக் கையைப் பிடித்து மனவளக்கலை மன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடற்பயிற்சியில் மூச்சு சாருக்குக் கஷ்டமில்லை. பக்கத்தில் இருந்த எழுபது வயது அம்மாளை இரண்டு சுற்று முந்தினார். தளர்த்தல் பயிற்சியில் குறட்டை விட்டார். அதுவும் தளர்த்தல்தானே என்று யாரும் எழுப்பவில்லை. சங்கடம் வந்தது அகத்தாய்வில். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று அங்கே வரிசையாகப் பாடம் உண்டு. யார் யார் மேல் கோபம் வருகிறது, எதற்கு வருகிறது என்று வீட்டில் உட்கார்ந்து எழுதி வரச் சொன்னார் ஆசிரியர்.

"எக்செல்ல பண்ணலாமா சார்?"

"பேப்பர்ல எழுதினாப் போதுங்க."

"எத்தனை பேர் வரைக்கும் எழுதலாம்?"

"எத்தனை பேர் இருக்காங்களோ அத்தனை பேர்."

அன்று ராத்திரி அமெரிக்கக் காலுக்குக்கூட அவர் போகவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார். காலையில் மனைவி எட்டிப் பார்த்தபோது மூன்றாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. "நான் எத்தனாவதுங்க?" என்று கேட்டார். "இது கான்ஃபிடென்ஷியல்" என்று மூச்சு சார் தாளைக் கவிழ்த்துவிட்டார். முதல் இடம் யாருக்கு என்பது மட்டும் எங்கள் பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். அசோசியேஷன் செக்ரட்டரி. தன் பழைய ஸ்கூட்டரை மூச்சு சாரின் பார்க்கிங்கில் வைத்துவிட்டுச் சாவியைத் தொலைத்தவர்.

பட்டியலைப் பார்த்த ஆசிரியர் பதற்றப்படவில்லை. "இவங்களைப் பார்க்கிறப்ப எல்லாம் வாழ்க வளமுடன்னு மனசார வாழ்த்துங்க. ஒரு மாசம் செஞ்சு பாருங்க" என்றார். மூச்சு சார் குறித்துக்கொண்டார். இலக்கு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் அவர் விடமாட்டார்.

மறுநாள் லிஃப்டில் செக்ரட்டரி ஏறினார். மூச்சு சார் கண்ணை மூடினார். ஆறு எண்ணி இழுத்தார், ஆறு எண்ணி விட்டார். கைகூப்பினார்.

"வாழ்க வளமுடன்."

செக்ரட்டரி நெகிழ்ந்துபோய், "வாழ்க வளமுடன் சார், நீங்களும் மன்றத்துக்கு வர்றீங்களா?" என்றார்.

"வர்றேன். ஸ்கூட்டரை எப்ப எடுப்பீங்க?"