ரேம்போவின் அப்பா

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்கு வருகிற கார்களில் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தால், காரணம் சண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்சீட்டைக் கூடையோடு ஒரு நாய்க்குட்டி பிடித்திருக்கும். நாற்பதாவது வளைவில் குட்டி வாந்தியெடுக்கும். கார் நிற்கும். ஐயா இறங்கி வந்து குட்டியின் வாயைத் துடைத்து, நெஞ்சைத் தடவிக்கொடுத்து, "ஒண்ணுமில்லடா கண்ணா, இன்னும் முப்பதுதான்" என்பார். பின்சீட்டில் தலைசுற்றிக் கிடக்கும் அம்மையார் எலுமிச்சம்பழத்தைத் தானே தேடி எடுத்து முகர்ந்துகொள்வார்.

ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் இந்த ரகத்து மனிதர்கள் முன்பே பெருகிவிட்டார்கள். கொல்லிமலைக்கு இப்போதுதான் வந்து சேர்கிறார்கள். நம் ஐயா சேலத்துக்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. செம்மேட்டைத் தாண்டி இரண்டு ஏக்கர் மிளகுத் தோட்டமும் அதற்குள் ஓட்டு வீடும் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். டீக்கடையில் யாராவது "சார் யாருங்க?" என்று கேட்டால், "ரேம்போவோட அப்பா" என்கிறார். பெங்களூரில் இருக்கும் சொந்த மகனுக்கு இந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை.

ரேம்போ ஷிட்ஸூ ஜாதி. எடை ஒன்றரைக் கிலோ. அவர் எதிரில் அதை நாய் என்று சொல்லிவிடக் கூடாது. சீன அரண்மனை, திபெத்திய மடம், 'சிங்க நாய்' என்ற பட்டம் என்று அரைமணி நேரம் போய்விடும். ராஜபாளையம் வளர்க்கலாமே, 2005-இல் தபால்தலையே வெளியிட்டார்களே என்று ஒருவர் கேட்டார். "அதெல்லாம் வீட்டுக்குள்ள வெச்சுக்கிற ஜாதி இல்லீங்க" என்று முடித்துவிட்டார். மலைக்கு வந்ததற்கு அவர் சொல்லும் காரணம் மட்டும் நியாயமானது. ஷிட்ஸூவுக்குச் சப்பை மூக்கு. மூச்சு வாங்கி உடம்பைக் குளிர்விப்பது அதற்குக் கஷ்டம். சேலத்துச் சித்திரை வெயில் அதைப் படுத்தி எடுத்துவிடும். ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள இந்தக் குளிர் அதற்கு உகந்ததுதான். ஆனால் இந்தக் குளிருக்கென்று அதற்கு ஸ்வெட்டரும் வாங்கிவிட்டார். சப்பை மூக்குக்காக மலையேறியவர், ஸ்வெட்டருக்காக மலையிறங்க வேண்டியிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அக்கம்பக்கத்து நாட்டு நாய்களுக்கு ராத்திரி வேலை இருக்கிறது. சாமையும் ராகியும் விளைகிற காட்டில் பன்றி இறங்காமல் பார்த்துக்கொள்வது அவைதான். நம் ஊர் நாய்க்கு உத்தியோகம் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடுகளைக் காத்து மாண்ட வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். ரேம்போ இதுவரை காத்தது ஒரு எவர்சில்வர் தட்டை. அதில் தெரிந்த முகத்தைப் பார்த்துக் குரைத்துவிட்டு ஐயாவின் வேட்டிக்குள் புகுந்துகொண்டது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்கு வெளியே இரண்டு ஏக்கர் நிலம். பலாமரம், சில்வர் ஓக், புல், மண் எல்லாம் உண்டு. ஒன்றரைக் கிலோ ஜீவன் ஒன்றுக்குப் போக இதைவிடப் பெரிய இடம் தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. ஐயாவோ கட்டுக்கட்டாக டிரெயினிங் பேட் வரவழைத்துக் கூடத்தின் நான்கு மூலைகளிலும் விரித்துவைத்தார்.

தோட்ட வேலை பார்க்கும் மலைவாசி அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், யாராச்சும் வர்றாங்களா? மெத்தை போட்டிருக்கீங்க" என்றார்.

"ரேம்போ ஒண்ணுக்குப் போறதுக்கு அக்கா."

அக்கா ஒருமுறை வாசலைப் பார்த்தார், ஒருமுறை மெத்தையைப் பார்த்தார். "ரம்பா வெளியில போகாதுங்களா?" என்றார். ரேம்போ கடுவன் குட்டி என்று ஐயா பலமுறை விளக்கியும் அக்காவுக்கு அது ரம்பாதான்.

கூடத்துச் சுவரில் ஒரு அட்டவணை தொங்கியது. கிளை மேலாளராக இருந்தபோது நாள்கணக்கு முடித்த அதே கையெழுத்து. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடியதும் குட்டி போகும் என்று அதில் இருந்தது, அது உண்மை. எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணிக்கணக்குதான் அதனால் அதிகபட்சம் அடக்க முடியும், சின்ன ஜாதிக்கு அதுவும் சந்தேகம் என்று இருந்தது, அதுவும் உண்மை. ஆகவே இரண்டு மாத ரேம்போவுக்காக ராத்திரி 11, 1, 3, 5 மணிகளுக்கு அலாரம் வைத்தார். அலாரத்துக்கு ஐயா எழுந்தார், அம்மையார் எழுந்தார், பக்கத்துத் தோட்டத்துச் சேவல் எழுந்தது. ரேம்போ தூங்கியது. அது 2 மணிக்கும் 4 மணிக்கும் எழுந்தது.

"நம்ம பையனுக்கு ராத்திரியில ஒரு நாளாவது எந்திரிச்சுத் துணி மாத்தியிருக்கீங்களா?" என்றார் அம்மையார்.

"அப்ப எனக்கு ஆடிட்டிங் இருந்துச்சு" என்றார் ஐயா.

செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்தவன். ரேம்போவின் குறியும் லேசுப்பட்டதல்ல. ஒரே காலைப்பொழுதில் பாய், செய்தித்தாள், விருந்தாளியின் செருப்பு, அம்மையாரின் புடவைத் தலைப்பு, ஒரு மிளகு மூட்டை. பேட் நான்கும் உலர்ந்தே இருந்தன. அந்த மூட்டை பிறகு சோளக்காடு சந்தைக்குப் போனதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐயா குட்டியை அடிக்கவில்லை, மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்கவில்லை. பழைய காலத்து ஆட்கள் செய்த அந்த வைத்தியத்தால் குட்டிக்கு மனிதனிடம் பயம் வரும், பாடம் வராது. இந்த ஒன்றுக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அவர் செய்ததெல்லாம் ஃபினாயிலைக் கொட்டித் துடைத்ததுதான். மனித மூக்குக்கு வாடை போய்விட்டது; நாயின் மூக்குக்குப் பழைய முகவரி அப்படியே இருந்தது. மறுநாளும் அதே மூலை. திட்டுவதென்றால் ஆங்கிலத்தில்தான். "நோ ரேம்போ! பேட் பாய்!" என்பார். பேட் என்றால் விரிப்பா வசவா என்று அது குழம்பியிருந்தால் அதன்மேல் குற்றமில்லை.

மண்ணில் இறக்காததற்கும் அவரிடம் காரணம் இருந்தது: தடுப்பூசி முடியவில்லை, பார்வோ வந்துவிடும். பார்வோ பொல்லாத வியாதிதான். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இரண்டாவது ஊசிக்கு 70 வளைவும் இறங்கி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். கறவை மாடுகளுக்கும் வெள்ளாடுகளுக்கும் நடுவில் ஸ்வெட்டர் போட்ட ரேம்போ வரிசையில் நின்றது. கைக்கோழியோடு வந்திருந்த ஒரு பாட்டி, "இது என்ன முயலுங்களா?" என்று விசாரித்தார். பரிசோதித்த இளம் டாக்டரம்மா, வெளிநாய் நடமாடாத சொந்த வாசலில் விடலாம், கூடவே நின்றுகொள்ளுங்கள் என்றார். மூன்று மாதமானதும் வெறிநாய் ஊசிக்கு வரச் சொன்னார். திராட்சை, சாக்லேட், வெங்காயம் ஆகாது, காபிக்கொட்டை காயும் களத்துப் பக்கம் விடவே விடாதீர்கள், நாலு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், இவ்வளவு சின்னக் குட்டி பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும் என்றும் சொன்னார். ஐயா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வாசல் விஷயத்தை மட்டும் எழுதவில்லை.

அக்காவும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஐயா மதியம் படுத்திருக்கும்போது, தின்று முடித்த குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பலாமரத்தடியில் விட்டார். தினமும் அதே இடம். அது தரையை மோந்து வட்டம் போடுகிற வரைக்கும் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். ஆனதும் அந்த நொடியே "தோ தோ தோ" என்று தடவிக்கொடுத்து, முந்தானையிலிருந்து ஒரு துணுக்கு அவித்த முட்டை. காலையிலும் சாயங்காலமும் இதேதான். மாதம் திரும்புவதற்குள் ரேம்போ தானாகக் கதவைப் பிறாண்டத் தொடங்கிவிட்டது.

பேட் நான்கும் நாள்முழுக்கக் காய்ந்துகிடப்பதைக் கண்டு ஐயா பூரித்துப்போனார். அட்டவணை வென்றுவிட்டது. ஆடிப் பதினெட்டில் ஓரி விழா பார்க்க வந்த உறவினர்களுக்கெல்லாம் கூடத்தில் வகுப்பு நடந்தது. "பொறுமை வேணும், கணக்கு வேணும்" என்றார். இருவர் செல்போனில் படமெடுத்துக்கொண்டார்கள். அக்கா காபி டம்ளர்களைக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் மேலத்தோட்டத்துக்கு ஒரு திருச்சிக்காரர் குடிவந்தார். முன்சீட்டில் கூடை, கூடையில் டேஷ்ஹண்ட் குட்டி. விசாரித்துக்கொண்டு நேரே ஐயாவிடம் வந்தார்.

"கவலைப்படாதீங்க, மிச்சம் ரெண்டு கட்டு பேட் இருக்கு, கொண்டுபோங்க" என்றார் ஐயா. "அக்கா, அந்தக் கட்டை எடுத்தாங்க."

அக்கா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

"அடைக்கோழிக்கு விரிச்சிட்டனுங்க சார். குஞ்சு பொரிக்கட்டும், தொவச்சுத் தர்றேனுங்க."