ஓரத்தில் எழுதுக

எட்டாம் வகுப்பு முடித்து ஹைஸ்கூல் சேரப்போகிறவன் கையில் கதைப் புத்தகம் இருந்தால், எங்கள் ஊரில் பிள்ளை கெட்டுப்போகிறான் என்று அர்த்தம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடம் எட்டோடு சரி. மேலே படிக்க டவுனுக்குப் போகவேண்டும், அங்கே பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. காத்திருந்தது. அதனால் கோடை லீவில் ரென் அண்டு மார்ட்டின் மட்டும்தான் படிப்பு. சாண்டில்யனையும் தமிழ்வாணனையும் பெரியவர்கள் திண்ணையில் படிப்பார்கள், நாங்கள் மாட்டுக்கொட்டகையில் படிப்போம்.

இப்போது நியூஜெர்ஸியில் மகள் வீட்டில் பார்க்கிறேன். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புதான் ஹைஸ்கூலின் முதல் வருஷம். பேரன் சேருவதற்கு முன்பே, ஜூனிலேயே உத்தரவு வந்துவிட்டது: கோடைக்குள் நாவல் படித்தாகவேண்டும். படித்தால் மட்டும் போதாது, ஓரத்தில் குறிப்பும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் மார்க் போகும். நாங்கள் அல்ஜீப்ராவைப் பார்த்த பார்வையோடு அவன் அந்த நாவலைப் பார்த்தான். பையன்களைக் கதைப் புத்தகத்திலிருந்து விலக்க இத்தனை சுலபமான வழி இருப்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

புத்தகத்தில் எழுதுவது அன்று பாவம். கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். கிளை நூலகப் புத்தகத்தில் நூலக ஆணைக்குழு முத்திரைக்குக் கீழே ‘புத்தகத்தில் எழுதாதீர்’ என்று இருக்கும். அதற்குக் கீழே யாரோ பென்சிலால் ‘சரி’ என்று எழுதியிருப்பார்கள். துப்பறியும் நாவலில் பாதி தாண்டும்போது ‘இவன்தான் கொலைகாரன்’ என்று ஒரு கை. ‘நம்பாதே’ என்று அடியில் இன்னொரு கை. சரித்திர நாவலில் கதாநாயகியின் வர்ணனை தொடங்கும் இடத்தில் ‘நாலு பக்கம் தள்ளவும்’ என்று ஒரு புண்ணியவான். எதிர்ப்பக்கத்திலேயே ‘தள்ளாதே, இதுதான் முக்கியம்’. ஊரில் நேருக்கு நேர் பேசாதவர்கள்கூட அங்கே பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். பாடப்புத்தகத்தையோ அரை விலைக்கு வாங்குவோம். முந்தைய வருஷத்துக்காரன் ‘வெரி வெரி இம்பார்ட்டண்ட்’ என்று கோடு போட்டிருப்பான், தலைவர்கள் எல்லாருக்கும் மீசையும் கண்ணாடியும் வரைந்திருப்பான். இதற்கெல்லாம் யாரும் மார்க் போடவில்லை. மாட்டினால் முதுகில் போட்டார்கள்.

குறிப்பு எழுதுவதற்கு அமெரிக்க வாத்தியார்கள் துணைக்கு அழைப்பது மார்ட்டிமர் ஆட்லரை. 1940இல் ‘ஹவ் டு ரீட் எ புக்’ எழுதியவர். காசு கொடுத்து வாங்கினால் மட்டும் புத்தகம் உன்னுடையது ஆகாது, எழுதிப் படித்தால்தான் ஆகும் என்பது அவர் கட்சி. இரவல் புத்தகத்தில் மட்டும் கை வைக்காதே என்றும் சொல்லியிருக்கிறார். எங்களிடம் இருந்தது முழுக்க இரவல். அவர் சட்டப்படி நாங்கள் ஒரு புள்ளிகூட வைத்திருக்கக் கூடாது.

பேரனுக்கு வந்தது ஹார்பர் லீ எழுதி 1960இல் வெளிவந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. அலபாமாவில் செய்யாத குற்றத்துக்குக் கூண்டில் ஏற்றப்படும் ஒரு கறுப்பர், அவருக்காக வாதாடும் ஒரு வெள்ளைக்கார வக்கீல். குறிப்பை எழுதி ஓரத்தில் ஒட்டச் சீட்டுகள்: பாத்திரங்களுக்கு மஞ்சள், தெரியாத சொல்லுக்குப் பிங்க், ‘சொந்த வாழ்க்கையோடு தொடர்பு’க்குப் பச்சை. அத்தியாயத்துக்கு இத்தனை என்று கணக்கு. ஆகஸ்டு பாதிவரை புத்தகம் திறக்கப்படவில்லை. பிறகு ஒரே நாளில் சீட்டுகளையெல்லாம் ஒட்டிவிட்டு, அங்கங்கே எழுத என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தான். உரையாசிரியர் நச்சினார்க்கினியருக்குப் பக்கத்துக்கு இரண்டு குறிப்பு என்று யாராவது கணக்கு வைத்திருந்தால் நமக்கு உரை கிடைத்திருக்குமா, தெரியவில்லை.

பச்சையில்தான் மாட்டிக்கொண்டான். பதினாலு வயதில் சொந்த வாழ்க்கைக்கு எங்கே போவான்?

“தாத்தா, உங்க ஊர்ல இந்த மாதிரி எதாவது இருந்துதா?”

அங்கே ஏதடா கறுப்பு வெள்ளை என்று ஆரம்பித்தேன். பேச்சு எப்படியோ டீக்கடையில் வந்து நின்றது. சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு வெளியே கூரைக்கீற்றில் செருகிய தனிக் குவளை. குடித்துவிட்டு அவர்களே கழுவி அங்கேயே வைக்கவேண்டும்.

“நீங்க எதுல குடிச்சீங்க?”

“உள்ளே இருந்த கிளாஸ்ல.”

“ஏன்னு கேக்கலையா?”

“எல்லாரும் அப்படித்தான் குடிச்சாங்க.”

அதையும் எழுதிக்கொண்டான். ஒரு சீட்டு போதவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனான், புத்தகம் அந்த இடத்தில் மூட மறுத்தது. அன்று ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்லி மகள் சத்தம் போட்டாள். நீதிமன்றத்தில் தீர்ப்பு வரப்போகிறது, இரு என்றான்.

செப்டம்பரில் புத்தகம் திருத்தி வந்தது. பச்சைச் சீட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு டிக், ‘நல்ல தொடர்பு’ என்று ஒரு வரி. பதினேழாம் அத்தியாயத்தில் பிங்க் சீட்டு இல்லாததால் இரண்டு மார்க் குறைத்திருந்தார்கள்.

“அதுல எனக்குத் தெரியாத வார்த்தையே இல்ல தாத்தா” என்றான்.

அடுத்த தடவை தெரிந்த வார்த்தையிலேயே ஒன்றுக்கு ஒட்டிவிடு என்றேன்.