பெயர்ப்பலகைக்கு மட்டுமா பணம்?

கேள்வி: ஒரகடம், வடக்குப்பட்டு பக்கம் இத்தனை கம்பெனிகள். ராத்திரியில் கடை வாசலில் படுத்திருப்பவர்களுக்குத் தங்குமிடம் நடத்த அந்தக் கம்பெனிகளிடம் பணம் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் லாபம் பார்க்கும் கம்பெனி, முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். தன் ஊழியருக்கென்று கட்டும் விடுதி அந்தக் கணக்கில் சேராது.

பக்கத்திலேயே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, அரசு நிறுவனமான சிப்காட்டின் குடியிருப்பில் 18,720 பெண்கள் தங்கலாம். மனதார வரவேற்கிறேன். ஆனால் அது வேலையில் இருப்பவருக்கு. கான்ட்ராக்ட் முடிந்து, ரூமைக் காலிசெய்து, பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் எங்கே போவார்? வீடற்றோருக்கான மத்திய அரசின் தங்குமிடத் திட்டமோ நகர்ப்புறத்துக்கென்று வந்தது. கம்பெனி வந்த வேகத்தில் கிராமம் நகரமாகிவிட்டது, காகிதத்தில் மட்டும் இன்னும் ஊராட்சி!

பணம் திரட்ட, செபி அனுமதித்த சமூகப் பங்குச் சந்தையும் உண்டு. அங்கே தொண்டு நிறுவனம் வெளியிடும் பத்திரத்துக்கு வட்டியும் கிடையாது, அசலும் திரும்பாது. கொடுப்பவர் புண்ணியத்தை மட்டும் வரவு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்று சொல்கிறேன். கட்டடம் என்றால் ஓடிவந்து கொடுப்பார்கள், பெயர்ப்பலகை மாட்டலாமே! ராத்திரி வாட்ச்மேன் சம்பளம், போர்வை வெளுக்கும் கூலி, காய்ச்சலில் கிடப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஆட்டோ வாடகை, இதற்குத்தான் ஆளில்லை. கம்பெனிகளின் சமூகப் பணி நிதியைப் பெறத் தொண்டு நிறுவனம் செய்ய வேண்டிய சிஎஸ்ஆர்-1 பதிவை முடித்துவிட்டு, மூன்று வருட நடத்துச் செலவையே முதலில் கேளுங்கள்.