தண்ணி ஆகாத பண்டம்

திருநெல்வேலியில் எது நன்றாக இருந்தாலும் அதற்குக் காரணம் தண்ணீர்தான். அல்வா ஏன் வேறு ஊரில் இந்த ருசிக்கு வருவதில்லை என்று கேட்டுப் பாருங்கள், தாமிரபரணித் தண்ணி என்பார்கள். காபி மணத்தால் தண்ணி. பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கு மேல் கோபம் வைத்திருந்தால் அதுவும் தண்ணி வாகு. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பால் பிழிந்து, தோள்பட்டை கழலக் கிண்டுகிற மனிதருக்கு இந்தப் பெருமையில் பங்கு கிடையாது. பொதிகை மலையில் பிறந்து பாபநாசத்தில் இறங்கி வருகிற ஆறு அவ்வளவு புகழையும் தானே வாங்கிக்கொண்டு புன்னைக்காயலில் கடலுக்குப் போய்விடும்.

இப்பேர்ப்பட்ட ஊருக்குள், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற தின்பண்டம் ஒன்று நுழைந்திருக்கிறது. கேக் பாப். கேக்கை உதிர்த்து, கொஞ்சம் கிரீம் விட்டுப் பிசைந்து, உருட்டி, குச்சியில் குத்தி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுப்பது. அமெரிக்காவில் ஏஞ்சி டட்லி என்ற பெண்மணி 2008 வாக்கில் இதைப் பிரபலமாக்கி, 2010இல் இதற்கென்றே ஒரு புத்தகமும் போட்டார். அந்தப் புத்தகத்தில் சித்திரை மாதம் பற்றிக் குறிப்பு இருக்க நியாயமில்லை.

எங்கள் வீட்டுக்கு இது கோயம்புத்தூர் வழியாக வந்தது. அண்ணன் மகனுக்கு அங்கேதான் பெண் எடுத்தோம். மருமகள் கெட்டிக்காரி, படித்தவள், எதையும் தராசில் நிறுத்துச் செய்கிறவள். குழந்தையின் பிறந்தநாள் அக்கினி நட்சத்திரத்தில் வந்தது. "கேக் வெட்டறதோட நிறுத்திக்கலாமுங்களே" என்று அவள் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

உருண்டை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். மேலே பூசுகிற சட்டைதான் வம்பு. அது வழவழவென்று, மேடு பள்ளம் இல்லாமல், கையில் ஒட்டாமல், கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். அல்வாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதற்கு மேல்பூச்சு என்று தனியாக ஒன்றும் பூச வேண்டாம், நெய் தானாகக் கசிந்து வெளியே வந்து மினுக்கும்.

அசல் சாக்லேட்தான் வாங்க வேண்டும் என்பது மருமகள் கட்சி. அசல் என்றால் கோகோ வெண்ணெய் சேர்ந்தது. அது ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும். வாயில் போட்டதும் கரைகிறதே, அந்தச் சுகத்துக்குக் காரணம் நம் உடம்புச் சூடு அதற்குக் கொஞ்சம் மேலே இருப்பதுதான். சிக்கல் என்னவென்றால் மே மாதத்துப் பாளையங்கோட்டை அந்த உடம்புச் சூட்டுக்கும் மேலே இருக்கும். சாக்லேட்டின் பார்வையில் ஊரே ஒரு பெரிய வாய்.

அது போக, அசல் சாக்லேட்டை உருக்கியதும் முக்கிவிட முடியாது. கோகோ வெண்ணெய் ஆறு விதமாக உறையக் கூடியது. அதில் ஒரே ஒரு விதம்தான் பளபளப்பாகவும் உறுதியாகவும் நிற்கும், மற்றதெல்லாம் வெள்ளைத் தேமல் விழுந்து பிசுபிசுக்கும். அந்த ஒன்றை வரவழைக்க, 45 டிகிரிக்குச் சூடாக்கி, 27க்கு இறக்கி, மறுபடி 31க்கு ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு நம் ஊரில் அடுப்பே வேண்டாம். 27க்கு இறக்குவதற்குத்தான் விடியற்காலை மூன்று மணிக்கு மொட்டைமாடியில் சட்டியோடு நிற்க வேண்டும்.

ஆனாலும் வாங்கினார்கள். வண்ணார்பேட்டையில் கட்டியாக வாங்கியது, ஆற்றைத் தாண்டி டவுனுக்கு வருவதற்குள் பைக்குள் வேறு உருவம் எடுத்துக்கொண்டது. சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தைக் கொட்டி 1843இல் முடித்துக்கொடுத்த பாலம் அது. இத்தனை வருஷம் ஊரைத் தாங்கியிருக்கிறது, குறை சொல்லக் கூடாது. மேலே ஒரு நிழல்பந்தல் மட்டும் போட்டிருக்கலாம்.

அடுத்த கட்சி காம்பவுண்ட் சாக்லேட். இதில் கோகோ வெண்ணெயை எடுத்துவிட்டுப் பெரும்பாலும் பனங்கொட்டை எண்ணெயைப் பதப்படுத்திச் சேர்த்திருப்பார்கள். ஏற்றி இறக்குகிற சோலியே இல்லை. உருக்கு, முக்கு, ஆறவிடு. அட்டையைப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் 'பனை' என்ற சொல்லைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாத்தியாலே, உடன்குடி இதுக்குள்ளயும் போயிட்டு" என்றான். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்தே அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த எண்ணெய்ப் பனை, ரேஷன் பாமாயிலுக்குச் சித்தப்பா மகன், நம்ம தேரிக்காட்டுப் பனைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். அவன் முகம் விழுந்த வேகத்தைப் பார்த்தபோது சொல்லாமலே இருந்திருக்கலாம் போலிருந்தது.

என் கட்சி காம்பவுண்ட்தான். நாக்கில் மெழுகு தடவினாற்போல ஒரு சுவை இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் பந்தலில் ஒரு மணி நேரம் நிற்கும். அசல்தான் வேண்டும் என்பவர்கள் பிள்ளையை மார்கழியில் பெற்றுக்கொள்ளட்டும்.

உருக்குகிற படலம் வந்தது. கொதிக்கிற பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம், அதற்குள் சாக்லேட். சாக்லேட் கரைந்து மினுங்கிக்கொண்டு வரும்போது மதினி மூடியை எடுத்தாள். மூடியின் அடியில் கோத்திருந்த ஆவி நாலைந்து சொட்டாக உள்ளே விழுந்தது. அவ்வளவுதான். கண்ணெதிரே அந்த மினுக்கெல்லாம் செத்து, அடிபிடித்த கேப்பைக்களி ஆகிவிட்டது. சாக்லேட்டுக்குள் இருக்கிற சீனித்தூள் கொழுப்புக்குள் உலர்ந்து மிதக்கிற வரைதான் அது ஓடும். கொஞ்சமாய் ஈரம் பட்டால் சீனி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி தட்டிப்போகும்.

மருமகள் தலையில் கை வைத்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள் எங்கம்மா, வீட்டில் எல்லாருக்கும் ஆச்சி.

"ஏட்டி, தண்ணி பத்தல. அதான் இறுகிட்டு."

"ஐயோ ஆச்சி, தண்ணி பட்டதுனாலதானுங்க இறுகிருச்சு."

"மாவு கெட்டியா இருந்தா தண்ணி விடணும். இதுக்குப் படிப்பு வேணுமாக்கும்?"

சொல்லிக்கொண்டே கொதிக்கிற தண்ணீரை அரைத் தம்ளர் ஊற்றிக் கிண்டினாள். கட்டியெல்லாம் கரைந்து, பட்டுப்போல வழவழவென்று ஓடியது சாக்லேட். மருமகளுக்கு வாய் திறக்கவில்லை. ஆச்சி என்னைப் பார்த்த பார்வையில் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் திறந்துகொண்டன.

விஞ்ஞானப்படி ஆச்சி பக்கம் பாதி நியாயம் உண்டு. சொட்டுத் தண்ணீர் சீனியை ஒட்டவைக்கும், தாராளமாக விட்டால் சீனியே கரைந்துவிடும். மீதிப் பாதி நியாயம் என்னவென்றால், அப்படிக் கரைந்தது ஜென்மத்துக்கும் உறையாது. முக்கி எடுத்த உருண்டைகள் சாயங்காலம் வரை குளித்துவிட்டுத் துவட்டாத பிள்ளைகள்போல நின்றன. குழந்தைகள் குழம்பைக் கரண்டியில் அள்ளிக் குடித்துத் தீர்த்தார்கள், சாக்லேட் வீணாகவில்லை.

இரண்டாம் தவணைக்குக் காம்பவுண்டே வந்தது. அடுப்படியில் ஈரக்கரண்டி, ஈரக்கை, ஈரத்துணி எல்லாவற்றுக்கும் தடை. பூச்சு கெட்டியாக இருந்தால் மணமில்லாத எண்ணெய் ஒரு சின்னக் கரண்டி விடலாம். வெண்ணெய் விடக் கூடாது, அதில் நூற்றுக்குப் பதினாறு பங்கு போலத் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாம் என்றாள் மதினி. 24 டிகிரியில் உருகுகிற சரக்கு. நம் ஊரில் அது உறைந்து நின்று பார்த்தவர்கள் சொற்பம், அதை நம்பிச் சாக்லேட்டை நிறுத்த முடியாது. இளஞ்சிவப்பு நிறம் வேண்டுமென்று கேசரிப் பவுடரைத் தூவியதும் மதினிதான். தண்ணீரில் கரைகிற சாயம் கொழுப்பில் கரையாது. உருண்டைகளுக்கு அம்மை போட்டது. எண்ணெயில் கரைகிற நிறம் தனியாக விற்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு முக்குவது எளிது. அகலக் கிண்ணம் உதவாது, காபித் தம்ளர்போல ஒடுக்கமாக, ஆழமாக ஒன்று வேண்டும். உருண்டை எலுமிச்சை அளவுக்குப் போனால் குச்சியை விட்டு நழுவி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பெருநெல்லி அளவு போதும். குச்சியின் நுனியை முதலில் சாக்லேட்டில் தொட்டு, உருண்டைக்குள் பாதி தூரம் செருகி, இறுகவிட வேண்டும். உருண்டை குளுகுளுவென்று இருக்கலாம், விறைக்கக் கூடாது. விறைத்த உருண்டை உள்ளே சூடேறிப் பருக்கும்போது மேலே இறுகிய பூச்சு வெடித்துவிடும். நேராக இறக்கி, நேராகத் தூக்கி, சாய்த்துப் பிடித்து மணிக்கட்டில் தட்டித் தட்டிச் சுழற்றினால் அதிகப்படி வடிந்துவிடும். குத்திவைக்கத் தெர்மாகோல் தேடினார்கள். நான் பூஜை அறையிலிருந்து நிறைநாழியை எடுத்து வந்து, அரிசிக்குள் குச்சிகளை நட்டேன். ஆச்சி அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சும்மா இருப்பாளா? தீபாவளிக்குத் தீபாவளி முந்திரிக்கொத்து சுடுகிற கை. வறுத்துத் திரித்த பாசிப்பயற்று மாவைக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மஞ்சள் கரைத்த அரிசிமாவில் முக்கி, மூன்று மூன்றாய்ச் சேர்த்து எண்ணெயில் போடுவாள். ஒன்றில்கூடச் சட்டை கிழிந்து நான் பார்த்ததில்லை. தம்ளரை வாங்கினாள். கரண்டியின் முதுகில் சாக்லேட்டை வழித்து, நடுவில் விரலால் கோடு கிழித்தாள். கோடு மூடாமல் நின்றது. "இப்பம் பதம்" என்றாள். அதன்பிறகு முக்கியதெல்லாம் அவள்தான். மருமகள் குச்சி செருகிக் கொடுக்கிற வேலைக்கு இறங்கிவிட்டாள். உருண்டைகள் கண்ணாடிபோல இருந்தன. வந்தவர்கள் எந்தக் கடை என்று கேட்டார்கள். வீட்டில்தான் என்றதும் ஒரு பெரியவர் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் நம்ம தண்ணி வாகு."

மருமகள் அடுப்படிக்குள் போய்விட்டாள். நல்லவேளை, சிரிப்பதற்குத்தான். திரும்பி வந்தவள் ஆச்சியிடம் ஒரு யோசனை வைத்தாள். வருகிற தீபாவளிக்கு முந்திரிக்கொத்தையும் இப்படிக் குச்சியில் குத்தினால் பார்க்க அழகாக இருக்குமே?

ஆச்சி கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக யோசித்தாள்.

"குத்தலாம் தாயீ. சட்டிக்குள்ள முங்கும்போது குச்சியை யாரு பிடிப்பா?"