இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்

எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தாய்வழிச் சொத்து என்று மிஞ்சியிருப்பது ஏறுநெற்றி ஒன்றுதான். நகைகள் கல்யாணங்களில் கரைந்தன. நிலம் பங்காளி வழக்கில் போனது. நெற்றி மட்டும் செய்கூலி சேதாரம் இல்லாமல் நான்கு தலைமுறையாகக் கைமாறி வருகிறது. என் அம்மாச்சி நாலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்து, மேலே மூன்று கோடு திருநீறும் பூசிய பிறகும், இன்னொரு சாமிக்கு இடம் மிச்சம் இருக்கும். “ஏறுநெத்தி இருந்தா ராசிடி” என்பார். அந்த ராசி நிலத்தையாவது காப்பாற்றியிருக்கலாம்.

மதுரையில் ஒரு சுவர் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் காதுகுத்து, மாலையில் கண்ணீர் அஞ்சலி, மறுநாள் தலைவர் பிறந்தநாள். ‘இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று எழுதிவைத்தால் அதன் மேலேயே ஒட்டுவார்கள். நெற்றிக்கும் இந்த ஊரில் அதே கதிதான். காலியாகக் கண்டால் கருத்து ஒட்டுவார்கள். “பொட்டு ஏன் இத்துனூண்டு?” “பவுடர் கூடிருச்சு.” “முன்னாடி முடி கொட்டுதா, வெங்காயச் சாறு தேய்ச்சுப் பாரேன்.” 49 வருஷமாக நான் ஒரு பொதுச்சுவரைச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

பங்குனியில் லீவுக்கு வந்த மகள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ம்மா, நீ பேங்க்ஸ் வச்சுக்கோ” என்றாள்.

“ஏற்கெனவே ரெண்டு பேங்க்ல இருக்குடி. ஒண்ணுல மினிமம் பேலன்ஸே இல்ல.”

தலையில் அடித்துக்கொண்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினாள். முன்முடியைக் கொஞ்சமாகப் பிரித்து, புருவம் வரைக்கும் வெட்டி, நெற்றியில் விழவிட்டிருந்தார்கள். ஃப்ரிஞ்சு என்றும் சொல்லலாமாம். எட்டிப் பார்த்த என் அம்மா, “அட, சாதனா கட்டு!” என்றார். 75 வயது முகத்தில் 17 வயது வந்து போனது.

விஷயம் இதுதான். 1960-ல் ‘லவ் இன் சிம்லா’ என்ற இந்திப் படம் வந்தது. அதில் கதாநாயகியாக நடித்த சாதனாவுக்கு நெற்றி அகலம் என்பது இயக்குநர் ஆர்.கே.நய்யாரின் கவலை. ஹாலிவுட்டில் ஆட்ரி ஹெப்பர்ன் முன்முடியை வெட்டிவிட்டிருந்தார். 1953-ல் வந்த ‘ரோமன் ஹாலிடே’யில் ரோம் நகரத்து முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்து நீள முடியைக் கத்தரித்துக்கொண்டு வருவாரே, அதே ஹெப்பர்ன். அந்த முன்முடியைச் சாதனாவுக்கும் வைத்தார்கள். படம் ஓடியதோ இல்லையோ, முடி நாடெல்லாம் ஓடியது. ஒரு பெண்ணின் நெற்றிக் குறையை மறைக்கச் செய்த வேலைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1966-ல் சாதனா அந்த நய்யாரையே கல்யாணம் செய்துகொண்டார். நெற்றியைக் குறை சொன்னவருக்கே கழுத்தை நீட்டுவது நம் பக்கமும் நடப்பதுதான்.

அதே 1966-ல், சாதனா நடித்த ‘வோ கௌன் தீ’ தமிழில் ஜெயலலிதா நடிக்க ‘யார் நீ?’ என்று வந்தது. அம்மாவுக்கு இந்தி தெரியாது. அந்தச் சமயம் ஒரு பத்திரிகையில் வந்த சாதனா படம் மட்டும் தெரியும். அதைக் கண்ணாடியில் செருகி வைத்துக்கொண்டு, அம்மாச்சியின் ஜாக்கெட் துணி வெட்டும் கத்திரியை எடுத்து, ஒரே வெட்டு. தாத்தா மூன்று நாள் பேசவில்லை. அம்மாச்சி பேசவும் இல்லை, சும்மாவும் இல்லை. உள்ளங்கை நிறைய விளக்கெண்ணெயை ஊற்றி, வெட்டிய முடியை மேலே படியவைத்து, நாலு ஹேர்பின்னைக் குத்திவிட்டார். “எட்டு மாசம். தலையில ஆணியடிச்ச மாதிரி அலைஞ்சேன்” என்றார் அம்மா. சாதனா கட் வைத்த அம்மாவை மதுரையில் பார்த்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். இரண்டு பேருமே பெற்றோர்.

கூந்தல் என்றால் இந்த ஊர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்குச் சந்தேகம் வந்து, தருமிக்குப் பாட்டெழுதிக் கொடுத்த சிவபெருமானிடமே நக்கீரர் குற்றம் கண்டது இங்கேதான். 1965-ல் ‘திருவிளையாடல்’ வந்தபோது நாகேஷின் தருமியை ஊரே கொண்டாடியதும் இந்த வழக்கின் பேரில்தான். ஈசன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் போய் விழுந்தார். அன்றைக்கு அந்த நெற்றியில் மட்டும் ஒரு ஃப்ரிஞ்சு இருந்திருந்தால், புலவர் நனையாமல் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்று கூந்தலை ஐந்து வகையாக முடிந்ததால் அதற்கு ஐம்பால் என்றே பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். இதில் அளகம் என்பதற்கு வடமொழியில் நெற்றியில் சுருண்டு விழும் முடி என்றே பொருள். அப்படியிருந்தும் நடைமுறை மதுரையில் கூந்தல் என்றால் பின்பக்கம்தான். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி குடியிருப்பதும் அங்கேதான். முன்பக்கம் எண்ணெய் போட்டு இழுத்துச் சீவுவதற்கு, அவ்வளவே. இந்த வரலாற்று அநீதியைச் சரிசெய்ய நான் முடிவெடுத்தேன்.

முதலில் முகம் என்ன வடிவம் என்று தெரிய வேண்டுமாம். மகள் தையல் டேப்பால் நெற்றி, கன்னம், தாடை ஆகியவற்றின் அகலத்தையும், நெற்றி உச்சி முதல் மோவாய் வரை உயரத்தையும் அளந்தாள். பிறகு முடியைக் கட்டிவிட்டு என்னைக் கண்ணாடி முன் நிற்க வைத்து, சோப்புத் துண்டால் கண்ணாடியிலேயே முகத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். நான் நகர்ந்ததும் அங்கே ஒரு பலாக்கொட்டை இருந்தது. “ஆடாம நில்லும்மா” என்று அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள்.

அவள் சொன்னதை நம் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். அகலத்தைவிட உயரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக, தாடைப் பக்கம் லேசாக ஒடுங்கினால் முட்டை முகம். எந்த ஃப்ரிஞ்சும் பொருந்தும். இவர்களோடு நமக்குப் பேச்சில்லை. உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றானால் ஆப்ப முகம். இதில் நேராக ஒரு கோடு வெட்டினால் பாதி ஆப்பம்தான் தெரியும், அகலம் இன்னும் கூடும். அதனால் ஒரு பக்கமாகச் சாய்த்துச் சரிவாக விட வேண்டும். நீள முகத்துக்கு நேர் எதிர்: புருவத்தைத் தொடும்படி அடர்த்தியாக, நேராக வெட்டினால் முகத்தின் நீளம் குறைந்து தெரியும். தாடை அகன்ற சதுர முகத்துக்கு மெலிசாக, ஓரங்கள் சீரில்லாமல், காதுப் பக்கம் நீண்டு இறங்க வேண்டும். நெற்றி அகன்று மோவாய் கூராக இருப்பதை இதய வடிவம் என்கிறார்கள். நமக்கு அது வெற்றிலை. காம்பு மேலே, நுனி கீழே. அதற்கு நடு வகிடு எடுத்து இரண்டு பக்கமும் ஜன்னல் திரைபோல ஒதுங்கி விழும் கர்ட்டன் பேங்க்ஸ்.

நான் வெற்றிலை. ஜாதகத்திலேயே சொல்லாத ஒரு விஷயம் தெரிந்த சந்தோஷத்தில் மறுநாளே ஒரு பார்லருக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் நல்ல பெண். உச்சியிலிருந்து ஒரு முக்கோணம் பிரித்து, அகலம் இரண்டு கண்களின் வெளி ஓரத்தைத் தாண்டக் கூடாது என்று சரியாகத்தான் எடுத்தாள். தண்ணீர் பீய்ச்சி, சீப்பால் இழுத்துப் பிடித்து, மூக்குத்தண்டின் நடுவில் வெட்டினாள். பார்க்க அழகாக இருந்தது. டிரையர் ஓடியது. முடி ஏறியது. மூக்கிலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து புருவத்துக்கு, புருவத்திலிருந்து அதற்கும் மேலே. நனைந்த முடி நீளும், காய்ந்தால் சுருங்கும், அதிலும் லேசான சுருட்டை என்றால் கேட்கவே வேண்டாம் என்பதை நான் கண்ணாடியில் நேரடியாகக் கண்டேன். இடது ஓரத்தில் ஒரு கொத்து மட்டும் படியவே மாட்டேன் என்று வானத்தைப் பார்த்து நின்றது.

“மேடம், உங்களுக்கு முன்சுழி இருக்கு” என்றாள்.

வெட்டிய பிறகு. அலங்காநல்லூர்ப் பக்கம் காளை வாங்கப் போகிறவர்கள், துண்டுக்குள் கையைவிட்டு விலை பேசுவதற்கு முன்பே சுழி பார்த்துவிடுவார்கள். ஒரு காளைக்கு இருக்கிற அந்த மரியாதை எனக்கு இல்லாமல் போனது.

ஊரின் தீர்ப்புகள் வரிசையாக வந்தன. தல்லாகுளம் பெருமாள் கோயில் வாசலில் பூக்கார அக்கா முழம் போட்ட கையை அப்படியே நிறுத்தி, “என்னக்கா, அழகருக்கு முடியெறக்குறதா நேந்துக்கிட்டுப் பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டீகளா?” என்றார். மாமியார், “கண்ணுல விழுந்து பார்வை போயிரும் ஆத்தா” என்றார். என் வீட்டுக்காரர் மூன்று நாள் ஒன்றுமே சொல்லவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, “கண்ணாடி மாத்திட்டியா?” என்றார். நான் கண்ணாடி போடுவதில்லை.

இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். வெயிலைச் சமாளிக்க முடியாது. காலை எட்டு மணிக்கு நெற்றியில் வியர்வை அரும்பும். ஃப்ரிஞ்சு அதைக் குடித்துவிட்டு நூல் நூலாகப் பிரியும். ஸ்கூட்டரில் போனால் ஹெல்மெட் அதை ஒரே தகடாக அமுக்கும். மகள் சில வித்தைகள் சொல்லிக்கொடுத்தாள். முன்முடியை மட்டும் வாஷ்பேசினில் அலசிக்கொள்ளலாம், தலைக்குக் குளிக்க வேண்டியதில்லை. எண்ணெய் இறங்கினால் துளி டால்கம் பவுடரை விரல் நுனியில் தொட்டு வேரில் தடவலாம். காயவைக்கும்போது சீப்பால் முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் என்று மாற்றி மாற்றி இழுத்தால் சுழி கொஞ்சம் பணியும். கடைசியில் ஒரு ரோலரைச் சுற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கேஸ் சிலிண்டர் வரும். கொண்டு வந்த தம்பி என் நெற்றியில் நிற்கும் ரோலரைப் பார்த்துவிட்டு, “அடிபட்டுருச்சாக்கா?” என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

கோயிலில் வேறு சிக்கல். குங்குமம் வைக்க வேண்டுமானால் கடை ஷட்டரைத் தூக்குவதுபோல ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கையை எடுத்ததும் ஷட்டர் இறங்கி, குங்குமத்தில் பாதியைத் துடைத்துக்கொள்ளும். மாலைக்குள் என் முன்முடி செம்பட்டை.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க, விடிவதற்கு முன்பே ஆழ்வார்புரம் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். எனக்கு முன்னால் அப்பாவின் தோளில் ஒரு குழந்தை. புதுமொட்டை, மேலே ஈரச் சந்தனம். அந்தக் கூட்டத்திலேயே நிம்மதியாக இருந்த தலை அது ஒன்றுதான். அழகர் வேடம் கட்டியவர்கள் தோல்பையை இடுக்கிக்கொண்டு வந்தார்கள். குளிரக் குளிரத் தண்ணீர் பீய்ச்சினார்கள். நேராக என் நெற்றியில் ஒன்று. பின்னால் சடையில் மல்லிகை கலையவில்லை. முன்னால் ஃப்ரிஞ்சு முழுவதும் மைதாப் பசை தடவி ஒட்டியதுபோல நெற்றியோடு ஒட்டிக்கொண்டது. நோட்டீஸ் ஒட்டாமல் இருக்கத்தான் திரை போட்டேன், திரையே நோட்டீஸாகிவிட்டது. அதையும் நாலு பேர் நின்று படித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எதுவும் கேட்கவில்லை. தன் கொண்டையிலிருந்து இரண்டு ஹேர்பின்னை உருவி, விளக்கெண்ணெய்க்குப் பதில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு, என் முன்முடியைப் படியவைத்துக் குத்தினார். “எட்டு மாசம்” என்றார். குரலில் ஆறுதலைவிடத் திருப்திதான் அதிகம். 1966-ல் தனியாகச் சுமந்ததற்கு இப்போதுதான் கூட்டாளி கிடைத்திருக்கிறாள்.

அம்மா கணக்கு சரிதான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக வளரும். புருவத்திலிருந்து புறப்பட்டால் காதுக்குப் பின்னால் போய்ச் சேர அவ்வளவு நாள் ஆகும். எனவே ஏறுநெற்றிச் சகோதரிகளே, என் அனுபவத்தில் உங்களுக்குச் சொல்வது இதுதான். வெட்டிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முகம் முட்டையா வெற்றிலையா என்று பார்ப்பதற்கு முன் மாதம் பங்குனியா ஐப்பசியா என்று பாருங்கள். முடி காய்ந்திருக்கும்போது வெட்டச் சொல்லுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தோன்றுகிறதோ அதற்கு இரண்டு விரல்கடை கீழே நிறுத்துங்கள். சுழி இருக்கிறதா என்று கத்திரி எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கைப்பையில் ஒரு அட்டை ஹேர்பின் இருக்கட்டும்.